வெக்னரின் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேட்ட கேள்வி இது: டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 500க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வடிவமைத்தார் என்கிறார்கள். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க ஏன் நாற்காலியையே பிடித்துக்கொண்டிருந்தார்? அவற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். மரவேலையில் எனக்குள்ள ஈடுபாட்டுக்குப் பாதிக் காரணம் இந்த மனிதர்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெக்னர் படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போகிற வடிவமைப்பாளர் இல்லை. அவர் தச்சர். பதின்ம வயதிலேயே உளி பிடித்த கை அது. மரத்தோடு மரம் சேருகிற இணைப்பை என்ன செய்வது என்ற கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய மொத்த வாழ்க்கையும் புரிந்துவிடும்.

1914 ஏப்ரல் 2ஆம் தேதி டோண்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்றைய டென்மார்க்கின் தென்மேற்கு மூலை, ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில். அவர் பிறந்தபோது அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. 1864 போரில் டென்மார்க் இழந்த பகுதி அது. 1920இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்து டென்மார்க்கோடு திரும்பச் சேர்ந்தபோது வெக்னருக்கு 6 வயது. டோண்டர் நகரத்தில் பெரும்பான்மையானவர்கள் ஜெர்மனிக்குத்தான் வாக்களித்தார்கள். ஆனால் அந்த வட்டாரம் முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணியதால் ஊர் டென்மார்க் பக்கம் வந்தது.

அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. கையால் செய்கிற பொருளுக்கு மரியாதை உள்ள வீடு. பள்ளியை முடித்ததும் பையனை ஸ்டால்பெர்க் என்ற உள்ளூர் மேசை நாற்காலித் தச்சரிடம் வேலை பழக விட்டார்கள். 17 வயதில் பயிற்சி முடித்து, தேர்ந்த தச்சர் என்ற தகுதி பெற்றுவிட்டார். அந்தக் காலத்துப் பயிற்சியில் மரத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள், மரத்தைத் தூக்கவைப்பார்கள். எந்தப் பலகை ஈரம் காய்ந்ததும் முறுக்கும், ரேகை எந்தப் பக்கம் ஓடினால் கால் ஒடியும், இழைப்புளி எந்தத் திசையில் போனால் சிராய் கிளம்பும் என்பதெல்லாம் கை வழியாகத்தான் ஏறும். அப்படி ஏறியது பிறகு இறங்காது.

20 வயதில் ராணுவச் சேவைக்காகக் கோபன்ஹேகன் போனார். அங்கே தச்சர் சங்கம் 1927 முதல் ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி நடத்திவந்தது. அதன் விசேஷம் என்னவென்றால், தேர்ந்த தச்சர்களும் இளம் கட்டடக் கலைஞர்களும் ஜோடி சேர்ந்து புதிய மேசை நாற்காலிகளைச் செய்து மக்கள் முன் வைப்பார்கள். தொழிற்சாலைச் சரக்கு தங்களை அழித்துவிடும் என்ற பயத்தில் தச்சர்கள் கண்டுபிடித்த வழி அது. பயம் அவர்களை மூலையில் முடக்காமல் புதியவர்களோடு கை கோக்கவைத்தது. டென்மார்க்கின் நவீன மரச்சாமான்கள் உலகப் பெயர் பெற்றதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இந்தக் கண்காட்சியைத்தான் சொல்வேன். அதைப் பார்த்த வெக்னர் ஊருக்குத் திரும்பித் தன் பட்டறை வைக்கவில்லை. 1936இல் கோபன்ஹேகனின் கைவினைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குப் பாடம் எடுத்த ஓர்லா மோல்கார்ட் நீல்சன், காரே கிளிண்ட் என்பவரின் மாணவர். கிளிண்ட்தான் டேனிஷ் மரச்சாமான் கல்வியின் மூலவர். மனித உடலை அளந்து பார், பழைய நல்ல நாற்காலிகளை அளந்து பார், அதற்குப் பிறகு வரை என்பது அவர் வழி. பழசைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு செய்கிற வேகம் அப்போது ஐரோப்பாவின் மற்ற இடங்களில் இருந்தது. டென்மார்க்கில் பழசை அருகே வைத்துக்கொண்டு அதிலிருந்து கூடுதலானதைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். வெக்னர் அந்தக் கழித்தலை மற்ற எல்லாரையும்விட அதிக தூரம் கொண்டுபோனார்.

1938இல் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஆர்னே யாகப்சனும் எரிக் மோலரும் ஆர்ஹுஸ் நகர மன்றக் கட்டடத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் உள்ளே போடுகிற மேசை நாற்காலிகளின் பொறுப்பு வெக்னருக்கு வந்தது. 1941இல் கட்டடம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1940 ஏப்ரலில், நாடு ஜெர்மன் ஆக்கிரமிப்புக்குள் போயிருந்தது. யாகப்சன் அலுவலகத்தில் செயலாளராக இருந்த இங்காவை வெக்னர் மணந்ததும் அதே 1940இல்தான். 1943இல் ஆர்ஹுஸிலேயே சொந்தமாக அலுவலகம் தொடங்கினார்.

போர்க்காலத்து வேலை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெக்னரின் நெருங்கிய நண்பர் பேர்கே மோகன்சன், அவரும் பெரிய வடிவமைப்பாளர். அவருக்கு மகன் பிறந்தான், பீட்டர். பரிசு கொடுக்கக் கடைகளில் உருப்படியாக எதுவும் இல்லை. வெக்னர் அந்தக் குழந்தைக்கு ஒரு குட்டி நாற்காலி செய்தார். நான்கே பலகைகள். ஆணி இல்லை, திருகு இல்லை, பசையும் இல்லை. ஒன்றில் வெட்டிய பிளவில் மற்றது செருகிக்கொள்ளும். கழற்றினால் தட்டையாகிவிடும். குழந்தையே திரும்பவும் கோத்துவிடலாம், முழுவதும் பொம்மைப் புதிர் போல. மூலைகள் எல்லாம் உருட்டி இழைத்தவை, ஏனென்றால் குழந்தை அதை வாயில் வைக்கும். அந்த வடிவத்தை இன்றும் தயாரித்து விற்கிறார்கள். எனக்கு வெக்னரின் மொத்த வேலையிலும் மிகவும் பிடித்தவற்றில் அது ஒன்று. இணைப்பே நாற்காலியாகிவிட்டது, வேறு எதுவுமே மிச்சமில்லை.

அப்போது மோகன்சன் டென்மார்க்கின் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பில் மரச்சாமான் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் நல்ல சாமான் கொடுப்பதுதான் திட்டம். அதற்காக வெக்னர் 1944இல் செய்த, முன்னும் பின்னும் ஆடுகிற சாய்வு நாற்காலி இன்றும் டேனிஷ் வீடுகளில் இருக்கிறது. வெக்னர் என்றால் பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதே 1944இல் இன்னொன்றும் நடந்தது. சீனாவின் மிங் அரச காலத்து நாற்காலிகளை அவர் பார்த்திருந்தார். கை வைக்கும் பகுதியும் முதுகு சாயும் பகுதியும் ஒரே வளைவாக ஓடி, உட்கார்ந்தவரை அரைவட்டமாக அணைத்துக்கொள்ளும் நாற்காலி. வெக்னர் அதைத் தன் கைப்பழக்கத்தில் திரும்பச் செய்து பார்த்தார். முதல் முயற்சி சீன நாற்காலிக்கு மிக அருகில் இருந்தது. அடுத்தடுத்து செய்யச் செய்ய, சீனம் கரைந்து வெக்னர் தெரியத் தொடங்கினார். இப்படி ஒரே யோசனையை ஐந்தாறு தடவை திரும்பத் திரும்பச் செய்வது அவர் சுபாவம். 500 நாற்காலிகள் எப்படி வந்தன என்று கேட்டீர்களே, அதற்கு விடை இதில் பாதி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் முந்தியதில் சரியாக வராத ஒரு சின்ன இடம் அவரை உறுத்தும். அதைத் தீர்க்க அடுத்தது. வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல நாற்காலி செய்ய முடிந்தால் போதும், ஆனால் அது முடிவதில்லை என்று அவரே சொன்னதுண்டு.

1947இல் வந்தது மயில் நாற்காலி. இங்கிலாந்தின் பழைய விண்ட்சர் நாற்காலியிலிருந்து பிறந்தது. முதுகுப் பக்கம் விசிறி மாதிரி விரிந்த குச்சிகள், நடுவில் ஒவ்வொரு குச்சியும் தட்டையாக அகன்றிருக்கும். பார்த்தால் தோகைக் கண்கள் போலத் தெரியும். சக வடிவமைப்பாளர் ஃபின் யூல் அந்தப் பெயரை வைத்தார் என்பார்கள். ஆனால் வெக்னர் மயிலை நினைத்து அதைச் செய்யவில்லை. உட்கார்ந்து சாயும்போது தோள்பட்டை எலும்பு படுகிற இடம் அது. உருண்டைக் குச்சி அங்கே குத்தும், அதனால் தட்டையாக்கினார். அழகு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, இப்போது 1949. அந்த ஒரே ஆண்டில் இரண்டு நாற்காலிகள் வந்தன. இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தாலும் அவர் பெயர் நின்றிருக்கும்.

முதலாவது, வட்ட நாற்காலி. வெக்னர் அதை 'வட்டமானது' என்றுதான் சொல்வார். பிறகு அமெரிக்கர்கள் அதற்கு வேறு அடைமொழியே வேண்டாம் என்று வெறுமனே 'நாற்காலி' என்றே அழைத்தார்கள். தச்சுக் கலைஞர் யோஹான்னஸ் ஹான்சனின் பட்டறையில் உருவாகி, அந்த ஆண்டுக் கண்காட்சிக்கு வந்தது. நான்கு கால், ஓர் இருக்கை, மேலே ஒரு வளைவு. அவ்வளவுதான். அந்த வளைவுதான் முதுகு, அதுவே கை வைக்கிற இடமும். கை வைக்கும் இடத்தில் அகன்று படுத்திருக்கிற மரம், முதுகுக்குப் போகப் போக மெல்ல முறுக்கிக்கொண்டு எழுந்து நிற்கும். விரலை ஒரு முனையில் வைத்து மறுமுனைவரை ஓட்டிப் பார்த்தால் எங்கேயும் தடங்காது.

இந்த வளைவை ஒரே பலகையில் அறுக்க முடியாது. அறுத்தால் வளைவின் ஏதாவது ஓரிடத்தில் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, அந்த இடம் ஒடியும். அதனால் மூன்று துண்டுகள். இரண்டு கை, நடுவில் முதுகு. மூன்றும் சேருகிற இரண்டு இணைப்புகள் எங்கே வரும்? கண்ணுக்கு நேராக, நாற்காலியின் மிக அழகான இடத்தில். 1949இல் வெக்னருக்கு அந்த இணைப்பைக் காட்ட மனம் வரவில்லை. முதுகுப் பகுதி முழுவதையும் பிரம்பால் சுற்றி மறைத்துவிட்டார்.

அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1950இல் பிரம்பை எடுத்துவிட்டார். இரண்டு துண்டுகளின் முனைகளையும் பல் பல்லாக வெட்டி, இரு கை விரல்களைக் கோத்துக்கொள்வது போல ஒன்றுக்குள் ஒன்று செருகினார். ஒட்டுகிற பரப்பு பல மடங்கு கூடுவதால் இணைப்பு உறுதியானது. அதோடு அந்தக் கோணல்மாணலான கோடு, வெட்ட வெளிச்சமாக, முதுகின் இரு பக்கமும் நின்றது. ஒளிக்க வேண்டிய இடமாக இருந்தது அலங்காரமாகிவிட்டது. அலங்காரம் என்று தனியாக ஒன்றையும் ஒட்டாமல். எனக்கு வெக்னரின் முழு வாழ்க்கையும் இந்த ஓராண்டுக்குள் இருப்பதாகத் தோன்றும். தன் வேலையை மறைத்தவர், மறைக்கத் தேவையில்லாத அளவுக்கு அதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்ட ஓர் ஆண்டு.

கால்களையும் கவனியுங்கள். இருக்கைச் சட்டம் வந்து சேருகிற இடத்தில் கால் பருத்திருக்கும், மேலேயும் கீழேயும் மெலியும். முளை செருகத் துளை போட்டால் அந்த இடத்தில் மரம் குறையும், அதனால் அங்கே சதை வேண்டும். மற்ற இடத்தில் வேண்டாம்.

சொந்த ஊரில் அந்த நாற்காலிக்குப் பெரிய வரவேற்பு இல்லை. 1950இல் ஓர் அமெரிக்க உள்ளலங்காரப் பத்திரிகை அதைக் கொண்டாடியபிறகுதான் ஆர்டர்கள் வந்தன. 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவின் தொலைக்காட்சி அரங்கில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களான கென்னடியும் நிக்சனும் முதல் நேரடி விவாதத்துக்கு வந்தபோது, அவர்களுக்குப் போட்டிருந்தது இந்த நாற்காலிதான். சுமார் 7 கோடிப் பேர் பார்த்த நிகழ்ச்சி அது. முதுகுக் காயத்தால் வாழ்நாள் முழுக்க அவதிப்பட்ட கென்னடி அதில் உட்கார்ந்திருக்கும் படங்களைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, ஒய் நாற்காலி. இதன் கதை வேறு. ஓடன்ஸ நகரில் 1908இல் கார்ல் ஹான்சன் தொடங்கிய நிறுவனத்தை அப்போது மகன் ஹோல்கர் நடத்தினார். ஐவிண்ட் கோல்ட் கிறிஸ்டென்சன் என்ற விற்பனையாளர்தான், இந்த இளைஞரைக் கூப்பிடுங்கள் என்று சொன்னவர். வெக்னர் அங்கே இயந்திரங்களைப் பார்த்து, அந்த இயந்திரங்களால் செய்யக்கூடிய நாற்காலிகளை வரைந்தார். 1950 முதல் ஒய் நாற்காலி தயாரிப்பில் இருக்கிறது, ஒரு வருடம்கூட நிற்காமல்.

சீன நாற்காலியிலிருந்து தொடங்கிய பயணத்தின் முடிவு இது. மேல் வளைவு ஒரே கட்டை, நீராவியில் வேகவைத்து அரைவட்டமாக வளைத்தது. அவ்வளவு மெல்லிய வளைவு முதுகின் எடையைத் தனியாகத் தாங்காது. நடுவில் ஒரு தாங்கல் வேண்டும். அதைத்தான் ஆங்கில எழுத்து ஒய் வடிவத்தில் வைத்தார். பின்னங்கால்கள் வளைந்து முன்னே வந்து கைக்கட்டையைத் தாங்குவதால் முன்னால் தனித் தூண் தேவைப்படவில்லை, மேசைக்குள் தாராளமாகத் தள்ளலாம். அந்தக் கால்கள் வளைத்தவை போலத்தான் தெரியும், ஆனால் பலகையிலிருந்து அறுத்து எடுத்தவை. இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் அரைமணி நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருக்கை, காகிதக் கயிறு. ஆமாம், காகிதம்தான். பழுப்புக் காகிதத்தை இறுக்கமாக முறுக்கிய கயிறு. போர்க்காலத்தில் நார் கிடைக்காததால் வந்த மாற்று. நன்றாக இருந்ததால் தங்கிவிட்டது. ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய 120 மீட்டர். பழகிய கைக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கிப் பின்னி வருவார்கள், முடிந்ததும் கடித உறையின் பின்பக்கம் போல நான்கு முக்கோணங்கள் தெரியும். மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட வேலைப் படிகள். இயந்திரம் அறுக்கும், கை பின்னும். கைவேலையா இயந்திரமா என்ற சண்டையில் வெக்னர் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. இயந்திரத்துக்குத் தெரிந்ததை அது செய்யட்டும், கைக்கு மட்டும் தெரிந்ததைக் கை செய்யட்டும் என்பதுதான் அவர் நிலை.

1951இல் அதே கோல்ட் கிறிஸ்டென்சன் ஐந்து தயாரிப்பாளர்களை ஒரே விற்பனை அமைப்பின் கீழ் சேர்த்தார். நாற்காலி ஒருவர், மேசை ஒருவர், சோபா ஒருவர், மெத்தை வைத்த சாய்வு நாற்காலி ஒருவர், அலமாரி ஒருவர். ஐவருக்கும் வடிவமைப்பாளர் வெக்னர். ஒரு வீட்டுக்கு வேண்டியது எல்லாம் ஒரே கையின் வரைபடத்திலிருந்து வந்தது. அதே ஆண்டில் ஸ்காண்டிநேவிய வடிவமைப்பாளர்களுக்கான லன்னிங் பரிசு, இத்தாலியின் மிலான் திரியென்னாலே வடிவமைப்புக் கண்காட்சியின் பெரும் பரிசு இரண்டும் கிடைத்தன. 1954 முதல் 1957 வரை ஸ்காண்டிநேவிய வடிவமைப்புக் கண்காட்சி ஒன்று வட அமெரிக்கா முழுக்கச் சுற்றியது. அந்த அலையில் டேனிஷ் மரச்சாமான்கள் கப்பல் கப்பலாகப் போயின. அவற்றில் பெரும்பகுதி தேக்கு. ஐரோப்பிய மொழிகளில் தேக்குக்கு வழங்கும் பெயர் நம் பக்கத்துச் சொல்தான், போர்த்துகீசியர் வழியாகப் போனது. டேனிஷ் தச்சரின் வாயிலும் அதுவேதான்.

எல்லாமே வெற்றி இல்லை. 1963இல் வந்த சிப்பி நாற்காலி, மூன்று காலில் இறக்கை விரித்த மாதிரி நிற்கும், அப்போது யாரும் அதிகம் வாங்கவில்லை. கொஞ்சம் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். 1998இல் மறுபடி வெளியிட்டபோது உலகமே வாங்கியது. 1960இல் செய்த எருது நாற்காலியை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அவ்வளவு தோலுக்கும் திண்டுக்கும் உள்ளே அவருடைய கை எனக்குத் தெரிவதில்லை. 1960களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக்கும் பளிச்சென்ற வண்ணமும் வந்து மர நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. 1966இல் தச்சர் சங்கக் கண்காட்சியே நின்றுபோனது.

வெக்னர் நிற்கவில்லை. பிபி மோப்லர் என்ற சிறிய பட்டறையோடு நெருக்கமாக வேலை செய்தார். பெடர்சன் சகோதரர்கள் 1953இல் தொடங்கியது. 1986இல், 72 வயதில், அங்கே வளைய நாற்காலியைச் செய்து முடித்தார். ஆளை விழுங்குகிற அளவு பெரிய வட்டம், நடுவே கயிற்று வலை. இரும்பில்தான் முடியும் என்று அவர் நினைத்திருந்ததை மரத்தில் செய்துகாட்டுகிறோம் என்றார்கள் பட்டறைக்காரர்கள். மெல்லிய மரத் தகடுகளை ஒட்டி அந்த வளையத்தைச் செய்ய, அதற்கென்றே தனி இயந்திரம் ஒன்றைக் கட்டினார்கள். யோஹான்னஸ் ஹான்சன் பட்டறை மூடப்பட்ட பிறகு வட்ட நாற்காலியையும் அவர்கள்தான் செய்கிறார்கள்.

விலை பற்றிக் கேட்டீர்கள். அந்த விலை எல்லாராலும் கொடுக்க முடிகிற விலை இல்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு. கூட்டுறவுக்காக ஆடும் நாற்காலி செய்த மனிதரின் வேலை அது. ஆனால் விலை எங்கே போகிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நல்ல சாமானா என்று தெரிய அதைக் கவிழ்த்துப் பார், அடிப்பக்கம் திருப்தியாக இருந்தால் மற்றதும் சரியாகவே இருக்கும் என்பது வெக்னர் சொல்லிவந்த சோதனை. எங்கேயாவது ஒய் நாற்காலி கண்ணில் பட்டால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு கவிழ்த்துப் பாருங்கள். கயிற்றின் பின்னல் அடியிலும் மேலே உள்ளது போலவே ஒழுங்காக இருக்கிறதா, சட்டம் காலில் சேருகிற இடத்தில் பசை வழிந்து காய்ந்திருக்கிறதா, கால்களின் உள்பக்கம் வெளிப்பக்கம் அளவுக்கே இழைத்திருக்கிறதா என்று விரல் வையுங்கள். போலிகள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துவிடலாம்.

2007 ஜனவரி 26 அன்று கோபன்ஹேகனில், 92 வயதில் காலமானார். மகள் மரியான் அவரோடு பல ஆண்டுகள் வேலை செய்து, பிறகு அலுவலகத்தைத் தொடர்ந்து நடத்தியவர்.

டோண்டருக்குப் போக வாய்த்தால், ஊரின் பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தைக் கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். 1995இல் அதை அருங்காட்சியகமாக்கித் திறந்தபோது வெக்னரே 37 நாற்காலிகளைக் கொடுத்தார். மாடி மாடியாக ஏறிக்கொண்டே அவற்றைப் பார்க்கலாம். உச்சிக்குப் போனால் கண்ணாடி வழியே சுற்றிலும் தட்டையான வயல்வெளி, கீழே அந்தச் செருப்புத் தொழிலாளியின் மகன் உளி பிடிக்கக் கற்றுக்கொண்ட ஊரின் ஓட்டுக் கூரைகள்.